விதைப் பக்கற்றும் வியாபாரியின் அமானிதமும்

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் பிறந்துவிட்டால் கிழக்கிலும் வடமத்தியிலும் விவசாய உள்ளீட்டுக் கடைகளில் சனம் கூடத் தொடங்கும். பசளை, களைநாசினி, விதை என்று துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு மேட்டுக் காணிகளுக்கும் சேனைகளுக்கும் போய்ப் பாருங்கள். பயறு ஆய்வது, கச்சான் பிடுங்குவது, களை எடுப்பது, காய வைத்துப் புடைத்துப் பானையில் போட்டு அடுத்த போகத்துக்கு விதை காப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான்.

விதையைக் காப்பவர் ஒருவர், கடையில் விதை வாங்குபவர் வேறொருவர் என்ற இந்த நிலைமை எமது கிராமங்களுக்குப் பெரிய நஷ்டத்தை உண்டாக்குகிறது. பெண் விவசாயிகளுக்கு நல்ல விதை கிடைப்பதில்லை என்று பேச்சு வந்தால், அது அரசாங்கத்தின் வேலை, அரசசார்பற்ற நிறுவனங்களின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கல்லாவில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் நான் சொல்வது இதுதான்: இந்தப் பிரச்சினையின் பெரும் பகுதி கடைக்கும் காணிக்கும் இடையில் இருக்கிறது. அதைத் தீர்க்கக்கூடியவர்களும் நாமே.

அத்தாட்சி விதை என்பது என்ன?

முதலில் எமக்குள்ளேயே ஒரு தெளிவு வேண்டும். மூடையில் இருக்கும் தானியம் எல்லாம் விதை அல்ல. முளைக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்று நல்ல விதையாகிவிடாது.

விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் ஓர் இனத்தை வெளியிடுகிறது. பீ.ஜீ. என்று தொடங்கினால் அது பத்தலகொடையில் உருவான நெல்லினம். ஏ.ரீ. என்றால் அம்பலாந்தோட்டை. எம்.ஐ. என்றால் மஹஇலுப்பள்ளம. அங்கு உருவாகும் மூல விதையிலிருந்து அடிப்படை விதை, அதிலிருந்து பதிவு விதை, அதிலிருந்து அத்தாட்சி விதை எனப் படிப்படியாகப் பெருக்குகிறார்கள். விதைக்காகப் பயிரிடும் காணியை விதை அத்தாட்சிப்படுத்தல் சேவையின் உத்தியோகத்தர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பிற இனக் கலப்பு, களை, நோய் இருந்தால் திருத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் நிராகரிப்பார்கள். அறுவடையின் பின் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் தூய்மை, முளைதிறன், ஈரப்பதன் மூன்றையும் சோதிப்பார்கள். விதைநெல்லுக்கு முளைதிறன் ஆகக் குறைந்தது 85 சதவீதமாக இருக்க வேண்டும். எல்லாம் தேறிய பின்னரே பையைத் தைத்து லேபல் இடுவார்கள்.

நெல்லில் இந்தச் சோதனையின் பெறுமதியை எமது வட்டைகளில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 களின் தொடக்கத்திலிருந்து அம்பாறை, வவுனியாப் பக்கங்களில் தலைகாட்டிப் பின்னர் நாடு முழுவதும் பரவிய பன்றிநெல், பெரும்பாலும் கலப்பு விதை மூலமாகவே வயலுக்கு வயல் போனது. ஒருமுறை வயலில் விழுந்தால் அதன் மணிகள் அறுவடைக்கு முன்னரே உதிர்ந்து மண்ணில் கிடந்து வருடக்கணக்காக முளைக்கும். மலிவு விதைக்கான விலையை அந்த வீட்டுக்காரர் பல போகங்களுக்குக் கொடுக்க நேர்கிறது.

2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டத்தின்படி விதை உற்பத்தி, இறக்குமதி, விற்பனை செய்வோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைப் பல சகோதர வியாபாரிகள் இன்னும் அறியாமல் இருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, தொழிலின் மரியாதைக்காகவும் இதைச் செய்துகொள்வது நல்லது.

பெண்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய நிறுவனம் தனது 2010-11 ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்கைச் சொன்னது. விதை, பசளை, கடன், காணி போன்றவை ஆண்களுக்குக் கிடைப்பது போல் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களுடைய காணிகளின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும் என்பதே அது. பெண்கள் குறைவாக உழைப்பதால் விளைச்சல் குறையவில்லை. கைக்குக் கிடைக்கும் உள்ளீடுகள் குறைவாக இருப்பதால்தான் குறைகிறது. எமது பகுதிகளில் இதற்கு நான் காணும் காரணங்கள் நான்கு.

முதலாவது பட்டியல். மானிய விதையும் பசளையும் கமநல சேவை நிலையத்தின் பதிவைப் பார்த்தே வருகின்றன. கிழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. சீதனமாக வயலையும் வளவையும் பெண் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் எமது சமூகத்தில் பழையது. உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். ஆனால் பல வீடுகளில் செய்கைப் பதிவும் விவசாய அமைப்பின் அங்கத்துவமும் கணவரின் பெயரில் இருக்கும். அவர் வெளிநாடு போனாலோ மௌத்தானாலோ பட்டியலில் அந்த வீடே இல்லாமல் போகும். அரச அனுமதிப்பத்திரக் காணிகளில் வாரிசுரிமை ஆண்களுக்கு முன்னுரிமை கொடுத்தே நீண்ட காலம் நடந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை மாற்றியது. இந்த நாட்டில் ஏறத்தாழ நான்கு குடும்பங்களில் ஒன்று பெண்ணைத் தலைவியாகக் கொண்டது என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது பையின் அளவு. விதைநெல் புசல் கணக்கில் வரும். பயறு, கௌபி, உழுந்து விதை வந்தாலும் பல கிலோ கொண்ட பைகளிலேயே வரும். ஆனால் எமது பெண்கள் செய்வது கால் ஏக்கர், அரை ஏக்கர். "காக்கா, எனக்கு மூணு கிலோதான் வேணும். இவ்வளவு பெரிய பையை வாங்கி நான் என்ன செய்யிற?" என்று என் கடையிலேயே ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பையைத் திறந்து அளந்து கொடுத்தால் அந்த நிமிடத்தோடு அது அத்தாட்சி விதை என்ற தகுதியை இழக்கிறது. லேபல் என்னோடு நிற்கும், விதை அவரோடு போகும். அதன் பின்னர் அது என்ன இனம், எப்போது சோதித்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது காலம். மழை விழுந்த பின்னரே நாம் கொழும்புக்கும் கண்டிக்கும் ஓடர் கொடுக்கிறோம். சரக்கு வந்து சேரும்போது பெரிய விவசாயிகள் முதலில் எடுத்துவிடுவார்கள். நெல்லறுத்த வயலில் ஈரம் காயுமுன் பயறு போட வேண்டிய பெண்ணுக்கு ஒரு வாரத் தாமதமே ஒரு போகத்தை இழக்கச் செய்யும். அவர் என்ன செய்வார்? பலசரக்குக் கடையில் சமையலுக்கு விற்கும் பயற்றை வாங்கித் தூவுவார். அது எந்த நாட்டிலிருந்து வந்தது, எத்தனை வருடம் களஞ்சியத்தில் கிடந்தது, இலை மஞ்சளாகும் வைரசு நோயைத் தாங்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

நான்காவது கடையின் அமைப்பு. கிருமிநாசினி மணமும் ஆண்களின் நெரிசலும் உள்ள கடையில் ஒரு பெண் நின்று, இது எத்தனை மாத இனம், அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாமா என்று விபரம் கேட்பது சுலபமல்ல. ஆகவே மகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ காசைக் கொடுத்துவிடுவார். வருபவருக்குப் பயிரின் விபரம் தெரியாது. நாம் கொடுத்ததைக் கொண்டுபோவார். பில்லும் கேட்கமாட்டார்.

பில் இல்லாததன் விளைவை நான் கண்ணால் கண்டேன். சில வருடங்களுக்கு முன்னர் எமது பகுதிக்கு வந்த ஓர் இறக்குமதி நிறுவனத்தின் சோள விதையில் ஒரு தொகுதி சரியாக முளைக்கவில்லை. நீண்ட இழுபறியின் பின்னர் பில்லும் வெறும் பக்கற்றும் கொண்டுவந்தவர்களுக்கு மாற்று விதை கொடுத்தார்கள். அயலில் ஏழெட்டுப் பெண்கள் காசு சேர்த்து இரண்டு பக்கற் வாங்கிச் சுண்டால் அளந்து பிரித்திருந்தார்கள். அவர்களிடம் பில்லும் இல்லை, பக்கற்றும் இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. உழவுக் கூலியும் போய், மழையும் போய், அந்தப் போகம் அவர்களுக்கு வெறுமையாகவே முடிந்தது.

கால் ஏக்கர்க் கணக்கு

நாம் வியாபாரிகள். கணக்காகவே பார்ப்போம். பயறு ஒரு ஹெக்டயருக்கு ஏறத்தாழ 30 கிலோ விதை தேவை. கால் ஏக்கர் என்பது ஒரு ஹெக்டயரின் பத்தில் ஒன்று. ஆகவே 3 கிலோ. ஹெக்டயருக்கு ஒரு தொன் விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் அந்த 3 கிலோவிலிருந்து 100 கிலோ பயறு வர வேண்டும். விதையில் பாதி முளைக்காவிட்டால் 50 கிலோவோ அதற்குக் கிட்டவோ இழப்பு. உழவுக் கூலி, களையெடுப்பு, காவல் எதுவும் பாதியாகக் குறையாது. நல்ல விதைக்கு மேலதிகமாகக் கொடுப்பது 3 கிலோவுக்கான விலை வித்தியாசம் மட்டுமே. இழக்கக்கூடியது 50 கிலோ. இந்தக் கணக்கை எந்த வியாபாரியிடம் காட்டினாலும் நல்ல விதையைத்தான் வாங்கு என்பார். ஆனால் அதை வாங்கக்கூடிய அளவில் எமது தட்டில் வைத்திருக்கிறோமா?

எமது பக்கக் கணக்கும் உண்டு. பெரிய விவசாயி ஒருவர் நூறு கிலோ வாங்குவார். கடனுக்கு வாங்குவார். விலை பேசுவார். அடுத்த போகம் வேறு கடைக்குப் போவார். முப்பது பெண்கள் மூன்று கிலோ வீதம் வாங்கினால் தொண்ணூறு கிலோ. சிறு தொகை என்பதால் பெரும்பாலும் கைக்காசு. விளைந்தால் அதே பெண்கள் அறுவடையை விற்கவும் எம்மிடமே வருவார்கள். கடைக்கு நிலையான வாடிக்கை எது என்று நீங்களே யோசியுங்கள்.

சிறு பக்கற்றின் பெரிய வெற்றி

இது புதிய யோசனையல்ல. ஒல்லாந்து நாட்டின் விதை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த சைமன் குரூட் என்பவர் 1982 இல் பிலிப்பைன்ஸில் ஒரு விதைக் கம்பனியைத் தொடங்கினார். ஐரோப்பிய மரக்கறி விதை வெப்ப நாடுகளுக்குப் பொருந்தாது என்பதை விளங்கிக்கொண்டு, பாகற்காய் போன்ற உள்ளூர் மரக்கறிகளில் நல்ல இனங்களை உருவாக்கினார். சிறு விவசாயி வாங்கக்கூடிய சிறிய பக்கற்றுகளில் விற்றார். பயிர்ச்செய்கை முறையை வயலிலேயே சொல்லிக்கொடுத்தார். கோடிக்கணக்கான சிறு விவசாயிகள் அவரது வாடிக்கையாளர்களானார்கள். 2019 இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. விதை விற்ற ஒரு வியாபாரிக்குக் கிடைத்த பரிசு அது.

கிழக்கு ஆபிரிக்காவிலும் இதே பாடம்தான். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் புதிய அவரை இன விதைகளை மூடையாக வைத்திருந்தபோது பெண்கள் வாங்கவில்லை. நூறு கிராம் அளவிலிருந்து பக்கற்றுகளாக்கிக் கிராமத்துச் சில்லறைக் கடைகளிலும் சந்தைகளிலும் வைத்தபோது காசு கொடுத்து வாங்கினார்கள். ஏழைப் பெண் இலவசமாகத்தான் விதை எடுப்பாள் என்ற எண்ணம் அங்கு பிழைத்துப் போனது. புதிய இனத்தை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த போகம் கூடுதலாக வாங்கினார்கள். நாம் புதிய சரக்கை முதலில் ஒரு பெட்டி எடுத்துப் பார்ப்பதில்லையா? அதே புத்திதான்.

எமது நாட்டிலும் மிளகாய், கத்தரி, வெண்டி போன்ற மரக்கறி விதைகள் ஏற்கனவே கிராம் கணக்கில் பக்கற்றில் வருகின்றன. பயறு, கௌபி, உழுந்து, கச்சான் ஆகியவற்றில்தான் குறை. அத்தாட்சி பெற்ற விதை உற்பத்தியாளர்களிடமும் விதைக் கம்பனிகளிடமும் ஒரு கிலோ, மூன்று கிலோ பக்கற்றில் லேபல் இட்டுத் தாருங்கள் என்று நாம் சேர்ந்து ஓடர் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். ஒரு கடை கேட்டால் கேட்காது. ஒரு நகரத்துக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஜூலை மாதத்திலேயே கேட்டால் கேட்கும்.

விதைக்கு விதை என்ற கடன்

கசப்பான ஒரு விடயத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு மூடை நெல் கொடுத்து அறுவடையில் ஒன்றரை மூடை வாங்கும் வழக்கம் எமது பகுதிகளில் இருக்கிறது. கொடுப்பவர் இதை உதவி என்கிறார். கையில் காசில்லாத பெண்களே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கொடுக்கும் நெல்லோ விதையென்று சோதித்ததுமல்ல. ஓர் இன உணவுத் தானியத்தை அதே இனத்துக்குக் கூட்டிக் கடனாக மாற்றுவது வட்டியின் வகையில் சேரும் என்பதை ஆலிம்கள் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் முதல் ஸப்பில் நின்றுவிட்டுக் கடையில் இதைச் செய்வது எமக்குத் தகுமா?

ஹலாலான வழிகள் எமக்கு உண்டு. அத்தாட்சி விதைக்குப் பணத்தில் ஒரு விலை பேசி, அறுவடையில் தருவதாகத் தவணைக்கு விற்கலாம். பேசிய விலை பேசியதுதான். தவணை பிந்தினால் கூட்டக் கூடாது. இன்னொன்று ஸலம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் பேரீச்சம் பழத்துக்கு முற்பணம் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டு, அளவையும் தவணையையும் தெளிவாக்கிக்கொள்ளும்படி வழிகாட்டினார்கள். பயறு வாங்கும் வியாபாரி விதைப்புக் காலத்திலேயே முழுத் தொகையையும் கொடுத்து, இன்ன தரத்தில் இன்ன அளவு, இன்ன திகதியில் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். இன்ன காணியின் விளைச்சல் என்று கட்டக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருப்பதால் ஓர் ஆலிமிடம் கேட்டே செய்ய வேண்டும். அந்தப் பெண்ணுக்கு விதைக்கும் உழவுக்கும் கையில் காசு கிடைக்கும். வியாபாரிக்கு நல்ல சரக்கு உறுதியாகும். ஆனால் அவருடைய கஷ்டத்தைப் பார்த்து அடிமாட்டு விலை பேசினால் அதில் பரக்கத் இராது.

ஸகாத் நிதி நடத்தும் பள்ளிவாசல்களும் இதைச் சிந்திக்கலாம். காணியும் உழைக்கும் கையும் இருந்தும் கொள்வனவுக்கு வசதியில்லாத விதவைக்கு மாதா மாதம் அரிசிப் பொதி கொடுப்பதை விட, ஒரு போகத்துக்கு நல்ல விதையும் உழவுச் செலவும் கொடுத்தால் அவர் அடுத்த வருடம் அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லாமல் போகலாம்.

கடையில் நாம் செய்யக்கூடியவை

ஓடரைப் போகத்துக்கு இரண்டு மாதம் முன்னரே கொடுங்கள். ஊரிலுள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் யாருக்கு எது, எத்தனை கிலோ வேண்டும் என்று பெயர்ப் பட்டியல் கேட்டுப் பெறுங்கள். முச்சக்கர வண்டியில் ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைச் சிறு கமிஷனுக்கு முகவராக வைத்தால் விபரம் கேட்கவும் சொல்லவும் வசதியாக இருக்கும்.

எவ்வளவு சிறிய தொகையானாலும் வாங்குபவரின் பெயரில் பில் எழுதுங்கள். இனத்தின் பெயரையும் லேபலில் உள்ள தொகுதி இலக்கத்தையும் அதில் குறியுங்கள். அறுவடை முடியும் வரை பக்கற்றை எறிய வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள்.

விதையைத் தகரக் கூரையின் கீழும் பசளை, களைநாசினிக்குப் பக்கத்திலும் அடுக்காதீர்கள். விதையின் ஈரப்பதன் ஒரு சதவீதம் கூடினால் அல்லது களஞ்சிய வெப்பம் ஐந்து பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது விதை விஞ்ஞானத்தில் பழைய கணக்கு. லேபலில் 85 என்று இருந்தது எமது கடையில் இருந்தே 60 ஆகிவிடலாம். சந்தேகம் வந்தால் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பயறு, கௌபி என்றால் ஐந்தாறு நாளில் எத்தனை முளைத்தது என்று எண்ணிவிடலாம். இதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கலப்பினம் எது, சாதாரண இனம் எது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கலப்பினச் சோளத்திலோ மிளகாயிலோ எடுத்த விதையை மீண்டும் போட்டால் பயிர் ஒரே சீராக வராது. ஒவ்வொரு முறையும் வாங்கியாக வேண்டும். 2022 இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதி விதையின் விலை என்ன பாடுபடுத்தியது என்பது எமக்குத் தெரியும். நெல், பயறு, கௌபி போன்றவை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். ஒருமுறை அத்தாட்சி விதை வாங்கினால் கலப்பில்லாமல் எடுத்துக் காய வைத்து இரண்டு மூன்று போகங்களுக்குப் பாவிக்கலாம். இதைச் சொன்னால் எமது விற்பனை குறையுமே என்று சிலர் நினைக்கலாம். உண்மையைச் சொன்ன கடை என்ற பெயர் எந்த விளம்பரத்தை விடவும் தூரம் போகும்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். உணவுத் தானியத்தின் குறையையாவது கைவிட்டுப் பார்க்கலாம். விதையின் குறையைக் கைவிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை வாங்கியவருக்கு எமது வார்த்தை ஒன்றுதான் ஆதாரம். ஆகவே விதை விற்பவரின் பொறுப்பு மற்ற வியாபாரியின் பொறுப்பை விடக் கனமானது.

பொத்துவில், மூதூர், கிண்ணியா, முசலி, புல்மோட்டை என்று எமது விவசாயக் கிராமங்கள் எத்தனையோ இருக்கின்றன. இந்த ஊர்களின் வியாபாரச் சங்கங்கள் அடுத்த பெரும்போகத்துக்கு முன் ஒரு கூட்டம் போட்டு, பகுதி விவசாயப் போதனாசிரியரையும் அழைத்து, சிறு பக்கற் விதைக்கு ஒரு கூட்டு ஓடர் கொடுக்கட்டும். முதல் வருடம் ஒரு ஊரில் ஐம்பது பெண்களுக்குப் போனாலும் போதும். அவர்களுடைய காணியில் பயிர் ஒரே சீராக எழும்பி நிற்பதைப் பார்த்து அடுத்த வருடம் மற்றவர்கள் தாமாகவே கேட்டு வருவார்கள். அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக.